மூளையின் எழுத்தைக் கண்டறிந்த ஹான்ஸ் பெர்கர்

சென்ற கல்வியாண்டில் ஒரு திங்கட்கிழமைக் காலை. வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்புகளுக்குத் திரும்பும் வேளை. நம் வரிசையில் நின்ற தோழி ஒருத்தி திடீரென்று கீழே விழுந்தாள். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண்கள் மேலே செருகின. வாயில் நுரை தள்ளிற்று. நாம் செய்வதறியாது அலறினோம். நம்மில் ஒருத்தி ஓடிச்சென்று சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். இன்னொருத்தி அவள் வாயில் கரண்டியை வைக்கப் போனாள். நல்லவேளையாக அருட்சகோதரி ஒருவர் விரைந்து வந்து எங்கள் எல்லாரையும் விலக்கி, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அருகில் அமர்ந்துகொண்டார். மூன்று நிமிடங்களுக்குள் எல்லாம் அடங்கிற்று. நமக்கோ அது மூன்று மணி நேரமாகத் தோன்றியது.

அன்று மாலையே ஊரில் பேச்சு எழுந்தது. காற்றுக் கறுப்பு என்றார் ஒருவர். மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்றார் மற்றொருவர். இனி இந்தப் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அவள் அம்மா கண்ணீர் விட்டார். பள்ளியில் சொல்லிய அறிவுரையின்படி அவளைத் திருச்சிக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே அவளுக்கு ஒரு சோதனை நடந்தது. எண்ணெய் தடவாமல் தலை குளித்து வரச் சொன்னார்களாம். தலையில் ஒருவகைப் பசையைத் தடவி இருபதுக்கு மேற்பட்ட மெல்லிய கம்பிகளை ஒட்டினார்களாம். கண்ணை மூடு, திற, ஆழமாக மூச்சு விடு என்றார்களாம். பளிச் பளிச்சென்று விளக்கைக் காட்டினார்களாம். வலி சிறிதும் இல்லை, ஊசி இல்லை, மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்ச்சவில்லை என்று அவள் வந்து சொன்னபோது நாம் வியந்தோம். அவள் தலையிலிருந்து எழுந்த கோடுகளைப் பார்த்துத்தான் வைத்தியர் இன்ன வகை வலிப்பு என்று தெளிந்து மாத்திரை எழுதிக் கொடுத்தாராம்.

ஈ.ஈ.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த மூளை மின்னலைப் பதிவை உலகுக்குத் தந்தவர் யார்? அவர் பெயர் ஹான்ஸ் பெர்கர். அன்னாரின் வாழ்க்கை ஒளியும் இருளும் கலந்தது. இரண்டையுமே நாம் அறிந்துகொள்வது நன்று.

பிறப்பும் இளமையும்

ஜெர்மனி நாட்டில் கோபர்க் நகரை அடுத்த நாய்செஸ் என்னும் சிற்றூரில் 1873ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் ஹான்ஸ் பெர்கர் பிறந்தார். தந்தையார் மருத்துவர். தாயார் பிரீடிரிக் ரூக்கர்ட் என்னும் புகழ்பெற்ற ஜெர்மானியக் கவிஞரின் புதல்வி. இக்கவிஞருக்கும் நம் பாரத நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் வடமொழி கற்றவர். நளன் தமயந்தி கதையை ஜெர்மன் மொழியில் ஆக்கித் தந்தவர். இத்தகைய கவிஞரின் பேரன்தான் பின்னாளில் மூளையின் மொழியைத் தேடிப் புறப்பட்டார்.

இளமையில் பெர்கருக்கு வானநூலில் நாட்டம் மிகுதி. விண்மீன்களை ஆராயும் எண்ணத்துடன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். ஆனால் விரைவிலேயே அப்படிப்பை விட்டு, ஓராண்டுக் கால இராணுவப் பயிற்சிக்குச் சென்றார். அங்கேதான் அவர் வாழ்வின் திருப்புமுனை காத்திருந்தது.

உயிர் தப்பிய நாள்

ஒரு நாள் பயிற்சியின்போது பெர்கர் ஏறிச்சென்ற குதிரை மிரண்டு முன்கால்களைத் தூக்கியது. பெர்கர் தூக்கி எறியப்பட்டு, பீரங்கியை இழுத்து வந்த குதிரைவண்டியின் பாதையில் விழுந்தார். சக்கரம் அவர்மீது ஏறவேண்டியதுதான் பாக்கி. கடைசி நொடியில் வண்டி நிறுத்தப்பட்டது. பெர்கர் காயமின்றித் தப்பினார்.

அன்று மாலை வீட்டிலிருந்து ஒரு தந்தி வந்தது. அவர் நலமா என்று தந்தையார் கேட்டிருந்தார். அதற்கு முன் ஒருநாளும் அவர் அவ்வாறு தந்தி அடித்ததில்லை. தொலைவில் ஊரில் இருந்த சகோதரி, தம் உடன்பிறந்தானுக்கு ஏதோ பெரிய ஆபத்து என்று காரணமின்றிக் கலங்கி, தந்தையை வற்புறுத்தித் தந்தி அனுப்பச் செய்தார் என்பது பின்னர்த் தெரிந்தது.

தம் அச்சம்தான் ஏதோ ஒரு வகை ஆற்றலாகப் பரவிச் சகோதரியின் உள்ளத்தைத் தொட்டது என்று பெர்கர் நம்பினார். இந்த நம்பிக்கையை விஞ்ஞானம் ஏற்கவில்லை. அது தற்செயலான நிகழ்ச்சியாகவே இருக்கலாம். ஆயினும் அந்தத் தந்தி அவர் உள்ளத்தில் ஒரு வினாவை விதைத்தது. நம் எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் உடலில் அடிப்படை யாது? அதை அளந்து காண முடியுமா? இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு வானநூலைக் கைவிட்டு மருத்துவம் பயிலச் சென்றார். தவறான நம்பிக்கையிலிருந்து பிறந்த தேடல் ஒன்று உண்மையான கண்டுபிடிப்பில் முடிந்தது விந்தையிலும் விந்தை அல்லவா?

யேனா நகரில்

1897ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்ற பெர்கர், யேனா பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவமனையில் ஓட்டோ பின்ஸ்வாங்கர் என்னும் பேராசிரியரின்கீழ்ப் பணியில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகச் சென்ற காலம் நீங்கலாக, தம் பணிக்காலம் முழுவதையும் அந்த ஒரே மருத்துவமனையில் கழித்தார். 1911ஆம் ஆண்டு உர்சுலா வான் பியூலோ என்னும் மங்கையை மணந்தார். 1919ஆம் ஆண்டு தம் ஆசானின் இடத்தில் மருத்துவமனைத் தலைவரானார். பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

பகலில் அவர் கண்டிப்பு மிக்க நிர்வாகி. நேரம் தவறாதவர். அதிகம் பேசாதவர். மாலையானதும் தம் சிறு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்துவிடுவார். அங்கே அவர் என்ன செய்கிறார் என்பது உடன் பணியாற்றியவர்களுக்கே நன்கு தெரியாது. முதலில் மூளையில் ஓடும் இரத்தத்தின் துடிப்பை அளந்தார். பிறகு மூளையின் வெப்பத்தை அளந்து பார்த்தார். பல்லாண்டுகள் உழைத்தும் எதுவும் அவர் எதிர்பார்த்த விடையைத் தரவில்லை.

மூளையில் மின்சாரம் எழுகிறது என்பதை முதலில் கண்டவர் பெர்கர் அல்லர். 1875ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து ரிச்சர்ட் கேட்டன் என்பவர் முயல், குரங்கு முதலிய பிராணிகளின் மூளையில் அதைக் கண்டு அறிவித்தார். 1890ஆம் ஆண்டில் போலந்து நாட்டவரான அடால்ப் பெக் என்பவரும் கண்டார். ஆனால் இவையெல்லாம் மூளையைத் திறந்து வைத்து விலங்குகளிடம் செய்த சோதனைகள். உயிரோடு, நினைவோடு இருக்கும் மனிதரின் மண்டையோட்டுக்கு வெளியே அதைப் பதிவு செய்ய இயலுமா? அதுவே பெர்கர் எடுத்துக்கொண்ட வேலை.

1924 ஜூலை 6

இவ்வேலையின் கடினத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் டார்ச் விளக்கில் போடும் ஒரு பாட்டரியின் மின்னழுத்தம் 1.5 வோல்ட். தலையின்மேல் கிடைக்கும் மூளை மின்னலையோ ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு அளவே இருக்கும். அதாவது டார்ச் பாட்டரியைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு மெலிந்தது. இதய மின்னோட்டத்தை அளக்க அமைந்த கருவிகளையே பெர்கர் முதலில் பயன்படுத்தினார். மின்சாரத் துறையில் அவருக்குத் தனிப்பயிற்சியும் கிடையாது.

1924ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், மூளை அறுவைக்கு உள்ளான பதினேழு வயது இளைஞன் ஒருவனின் தலையிலிருந்து மிகச் சிறிய மின் அசைவுகளைப் பெர்கர் பதிவு செய்தார். மனித மூளை மின்னலையின் முதற்பதிவு இதுவே. அப்போது அவருக்கு வயது 51.

வேறொருவராயின் மறுநாளே உலகுக்கு அறிவித்திருப்பார். பெர்கர் வாய் திறக்கவில்லை. தாம் கண்டது மூளையின் மின்சாரம்தானா என்ற ஐயம் அவரை அரித்தது. இதயத்துடிப்பின் எதிரொலியாக இருக்குமோ? தலைத்தசைகளின் துடிப்போ? தோலில் எழும் மின்சாரமோ? கம்பி அசைந்ததால் வந்த பிழையோ? ஒவ்வோர் ஐயத்தையும் தனித்தனியே எடுத்துச் சோதித்தார். மூளை அலையோடு இதய அலையையும் ஒரே காலத்தில் பதிவு செய்து ஒப்பிட்டார். தம் சொந்த மகன் கிளாஸின் தலையில் பன்முறை கருவிகளைக் கட்டிச் சோதித்தார். தம் நாட்குறிப்பில் நம்பிக்கையும் நம்பிக்கையின்மையும் மாறி மாறி எழுதினார். இவ்வாறு ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1929ஆம் ஆண்டில்தான் முதற்கட்டுரை வெளிவந்தது. தொடர்ந்து 1938 வரை பதினான்கு கட்டுரைகள் எழுதினார்.

கோடுகள் சொன்னவை

பெர்கர் கண்டது என்ன? ஒருவர் கண்களை மூடி அமைதியாக அமர்ந்திருக்கும்போது வினாடிக்கு ஏறத்தாழப் பத்து அலைகள் ஒழுங்காக எழுகின்றன. கண்ணைத் திறந்ததும் அவை மறைந்து, சிறிய வேகமான அலைகள் தோன்றுகின்றன. முதலில் கண்டதற்கு ஆல்பா என்றும், இரண்டாவதற்குப் பீட்டா என்றும் பெயரிட்டார். கண்ணை மூடியிருக்கும்போதே கடினமான மனக்கணக்கு ஒன்றைக் கொடுத்தாலும் ஆல்பா அலைகள் அடங்குவதைக் கண்டார். இச்சோதனைக்கு அவருடைய மகள் இல்சேயும் உட்பட்டாள். தந்தையின் ஆய்வுக்கூடத்தில் தலையில் கம்பிகளோடு அமர்ந்து கணக்குப் போட்ட அச்சிறுமியை நினைக்கும்போது, கணக்குத் தேர்வை எண்ணி நடுங்கும் நமக்குச் சிரிப்பும் வருகிறது, பரிவும் வருகிறது!

வினாடிக்கு நான்குக்கும் எட்டுக்கும் இடைப்பட்டு வருவது தீட்டா, நான்குக்கும் குறைந்து வருவது டெல்டா என்று பிற்காலத்தார் வகைப்படுத்தினர். ஆழ்ந்த உறக்கத்தில் டெல்டா அலைகள் பெரிதாக எழும். விழித்திருக்கும் பெரியவர் ஒருவரின் மூளையில் ஒரே இடத்தில் அவை தொடர்ந்து எழுமாயின் அங்கே ஏதோ கோளாறு இருக்கலாம் என்று வைத்தியர்கள் ஊகிப்பர்.

முதலில் உலகம் பெர்கரை நம்பவில்லை. மனநோய் மருத்துவர் ஒருவர் தனியே செய்த சோதனையைப் பலரும் பொருட்படுத்தவில்லை. 1934ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில், நோபல் பரிசு பெற்ற எட்கர் ஏட்ரியன், தம் துணைவர் மாத்யூஸுடன் அதே சோதனையைச் செய்துபார்த்தார். பெர்கர் சொன்னது முற்றிலும் உண்மை என்று தெரிந்தது. ஏட்ரியன் தம் பெருமையை நாடாமல் அவ்வலைக்குப் பெர்கரின் பெயரையே சூட்டினார். மறு ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவர்கள், சிறுபிள்ளைகள் சில வினாடிகள் வெறித்துப் பார்த்து நினைவிழக்கும் ஒருவகை வலிப்பின்போது, வினாடிக்கு மூன்று முறை கூர்முனையும் அலையும் மாறி மாறி எழுவதைக் கண்டனர். அதுவரை கவனக்குறைவு என்றும் பகற்கனவு என்றும் அடிவாங்கிய எத்தனையோ பிள்ளைகளின் நோயை அந்தக் கோடு வெளிக்காட்டிவிட்டது.

இருண்ட ஏடு

இத்துடன் கதையை முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் உண்மையை மறைப்பது வரலாறு ஆகாது.

1933ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஒரு கொடிய சட்டம் வந்தது. பரம்பரை நோய் என்று கருதப்பட்டவற்றை உடையவர்கள் இனிப் பிள்ளை பெறாதபடி கட்டாய அறுவை செய்ய அச்சட்டம் வழி வகுத்தது. அந்நோய்களின் பட்டியலில் மனநோய்களோடு வலிப்பு நோயும் இருந்தது. இதற்கென்று தனி நீதிமன்றங்கள் அமைந்தன. அவற்றில் வைத்தியர்களும் நீதிபதிகளாக அமர்ந்தனர். ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் இக்கொடுமைக்கு ஆளாயினர்.

பெர்கர் இந்த ஆட்சியை எதிர்த்தவர் என்றும், அதனால் பதவியிழந்தவர் என்றும் நெடுங்காலம் நூல்கள் எழுதின. பிற்கால ஆய்வாளர்கள் யேனாவின் பழைய ஆவணங்களைப் புரட்டியபோது வேறு உண்மை வெளிப்பட்டது. மேல்முறையீடு செய்தவர்களின் வழக்கை விசாரித்த யேனா நீதிமன்றத்தில் பெர்கர் உறுப்பினராக அமர்ந்திருந்தார். 1938ஆம் ஆண்டு உரிய வயதில் ஓய்வு பெற்றபின்னும் அப்பணிக்குத் தாம் ஆயத்தமாக இருப்பதாக எழுதியிருந்தார்.

தோழியரே, இதை எண்ணிப் பாருங்கள். எந்த நோயாளரின் துயரத்தைத் தம் கண்டுபிடிப்பு தணிக்கப் போகிறதோ, அதே நோயாளர்மீது தீர்ப்புச் சொல்லும் இருக்கையிலும் அவர் அமர்ந்தார். ஒரு கோட்டைப் பார்த்து அது மூளையுடையதுதானா என்று ஐந்தாண்டுகள் ஐயுற்ற மனிதர், ஒரு மனிதர் வாழ்வை முறிக்கும் சட்டத்தைப் பார்த்து ஐயுறவில்லை. கல்வி வேறு, மனச்சான்று வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டுமோ?

ஓய்வு பெற்றபின் பெர்கரைக் கடும் மனச்சோர்வு நோய் பற்றியது. 1941ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தம் 68ஆம் வயதில், தாம் பணியாற்றிய அதே மருத்துவமனையில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். உலகின் மூளைகளையெல்லாம் படிக்கும் கருவியைத் தந்தவரின் துயரத்தை எந்தக் கருவியும் படித்துச் சொல்லவில்லை. மனச்சோர்வும் ஒரு நோயே. அது வந்தவர் கோழை அல்லர், பாவி அல்லர். தக்க மருத்துவத்தாலும் அன்பான துணையாலும் அது குணமாகக்கூடியது. நம்மில் யாருக்கேனும் வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் அன்றே ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மனம்விட்டுச் சொல்ல வேண்டும். அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416 இரவும் பகலும் இதற்காகவே உள்ளது.

நம் நாட்டில்

பெர்கரின் கோடு கடல் கடந்து நம் தமிழகத்துக்கும் வந்தது. கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் வலிப்பு நோய் அறுவையில் பெயர்பெற்ற வைல்டர் பென்பீல்டிடம் பயிற்சி பெற்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல், மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் இத்துறையைத் தொடங்கினார். இவ்விருவரும் வேறிருவரும் சேர்ந்து 1951ஆம் ஆண்டு இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். பெண்களால் இயலாது என்று பலர் நினைத்த மூளை அறுவைத் துறையில் சென்னையில் துணிந்து நுழைந்து, ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர்களுள் ஒருவராகத் திகழ்ந்தவர் டாக்டர் டி. எஸ். கனகா (1932–2018). இதைப் படிக்கும் நம் தங்கைகள் இப்பெயரை மனத்தில் பதித்துக்கொள்ளட்டும்.

டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் என்னும் மூவர் யோகிகளின் மூளை அலைகளை ஆராய்ந்து 1961ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஆழ்ந்த தியானத்தில் இருந்த யோகியருகில் ஓசை எழுப்பினாலும் ஒளி காட்டினாலும் அவருடைய ஆல்பா அலை கலையவில்லை. குளிர்ந்த நீரில் கையை நெடுநேரம் அமிழ்த்தியிருந்த யோகிகளிடமும் அவ்வாறே. உலகெங்கும் இவ்வாய்வு பேசப்பட்டது.

படிப்பவரின் பொறுப்பு

நம் ஆவூர் மண்ணில் பணியாற்றிய வீரமாமுனிவர் தமிழ் எழுத்துக்குச் செய்த தொண்டு நாம் அறிந்ததே. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்திலேயே தெளிவாகக் காட்டினார். ஒரு சிறு சுழி மாறினால் கொடுப்பது கோடுப்பது ஆகிவிடும், செடி சேடி ஆகிவிடும். மூளையின் எழுத்தும் அப்படித்தான். கண் இமைத்தாலும் பெரிய அலை எழும். பல்லைக் கடித்தாலும், வியர்த்தாலும், பசை காய்ந்தாலும் கோடு மாறும். தூக்கக்கலக்கமும் சில மருந்துகளும் அலைகளை மாற்றும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இயல்பாக உள்ள அலை ஐம்பது வயதுக்காரருக்கு இயல்பாகாது. ஆகவே கோட்டை மட்டும் பார்த்து நோயைச் சொல்லிவிட முடியாது. ஆளையும் பார்க்க வேண்டும், நடந்ததையும் கேட்க வேண்டும்.

வலிப்பு உள்ளவருக்கும் ஒரு முறை எடுத்த பதிவு இயல்பாக இருக்கக்கூடும். வலிப்பே வராத சிலருக்கும் கூர்முனை அலைகள் தோன்றக்கூடும். மனச்சோர்வு, மனச்சிதைவு போன்ற நோய்களை ஈ.ஈ.ஜி. ஒன்றைக்கொண்டே கண்டுபிடிக்க இன்றும் வழியில்லை. திடீரென்று ஒருவர் பிதற்றினாலோ நடத்தை மாறினாலோ, அது வலிப்பினாலா, மூளைக் காய்ச்சலினாலா என்று பிரித்தறிய மனநோய் மருத்துவருக்கு அது கைகொடுக்கும். அவ்வளவே. எண்ணங்களை அது படிக்காது. நம் இரகசியங்களை அது அறியாது.

இக்காலத்தில் நியூரோபீட்பேக் என்றொரு பயிற்சி நகரங்களில் பரவியுள்ளது. நம் மூளை அலையை நமக்கே திரையில் காட்டி, விரும்பிய அலை எழும்போது படம் ஓடவும் மணி ஒலிக்கவும் செய்து, மூளையைப் பழக்கும் முறை அது. அமெரிக்காவில் ஜோ காமியா என்பவர் ஆல்பா அலையை மனிதர் தாமே அறியப் பழகலாம் என்று காட்டினார். பாரி ஸ்டெர்மன் என்பவர் பூனைகளுக்கு ஒருவகை அலையை எழுப்பப் பழக்கி, பிறகு அதே பயிற்சியை வலிப்பு நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தார். இவை மதிக்கத்தக்க ஆய்வுகள். ஆனால் கவனம் நிலைக்காத பிள்ளைகளுக்கு இப்பயிற்சி தந்தபோது, உண்மைப் பயிற்சி யாருக்கு, போலிப் பயிற்சி யாருக்கு என்று தெரியாதவர்களைக்கொண்டு மதிப்பிட்ட சோதனைகளில் பலன் மிகவும் குறைந்தே காணப்பட்டது. எனவே, மூளையின் வண்ணப்படத்தைக் காட்டி, உங்கள் பிள்ளை மந்தம், இத்தனை ஆயிரம் கட்டினால் முதல் மதிப்பெண் வாங்குவாள் என்று யாரேனும் சொன்னால், பெற்றோர் பணப்பையைத் திறக்குமுன் தகுதி பெற்ற நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ ஒருமுறை கேட்பது நலம். ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

மூளை அலையைக்கொண்டு குற்றவாளியைப் பிடிக்கவும் நம் நாட்டில் முயன்றனர். 2010ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், செல்வி என்பவர் கர்நாடக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஒருவர் சம்மதமின்றி அவருக்கு இத்தகைய சோதனை செய்வது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனிதரின் உள்ளம் அவருடையதே. அதை வலிந்து திறக்க யாருக்கும் உரிமை இல்லை.

நமக்குப் பாடம்

பெர்கரின் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டியது எது, தள்ள வேண்டியது எது? அவருடைய பொறுமையைக் கொள்வோம். கண்டதை உடனே நம்பாமல் மீண்டும் மீண்டும் சோதித்த நேர்மையைக் கொள்வோம். நோயைக் கண்டறியும் அறிவைக்கொண்டு நோயாளரை எடைபோட முனைந்த பிழையைத் தள்ளுவோம். கோடு நோயைப் பற்றிப் பேசும். மனிதரின் மதிப்பைப் பற்றி அது பேசாது.

அந்தப் பிழை ஜெர்மனியோடு முடிந்துவிட்டதா? வலிப்பு உள்ள பெண்ணுக்குத் திருமணம் ஏது என்று நம் ஊரில் சொன்னவர்களும் அதே எடைக்கல்லைத்தான் தூக்கினார்கள். நம் நாட்டு இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும்கூட வலிப்பு நோய் ஒரு தடையாகவே எழுதப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிற்று. சட்டத்திலிருந்து நீங்கியது நம் மனத்திலிருந்தும் நீங்க வேண்டாமா?

யாருக்கேனும் வலிப்பு வந்தால் நாம் செய்ய வேண்டியவை எளியவை. சாவியும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு மென்மையானதை வைத்து, இறுகிய உடையைத் தளர்த்த வேண்டும். நினைவு நன்கு தெளியும் வரை வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது. கூட்டம் கூடாமல் அருகில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், அடுத்தடுத்து வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நம் தோழி இப்போது நேரந்தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறாள். அதன்பின் அவளுக்கு வலிப்பு வரவில்லை. இவ்வாண்டு விளையாட்டு விழாவில் எறிபந்துக் குழுவில் ஆடினாள். முதல் நாள் அவளருகே உட்காரத் தயங்கிய நாமே இன்று அவள் பக்கத்து இடத்துக்குப் போட்டியிடுகிறோம். சாவிக்கொத்தைத் திணித்த கைகள் இப்போது அவள் கைகளைக் கோத்துக்கொள்கின்றன. பெர்கர் கண்ட கோடு அவளுக்கு மருந்தைக் காட்டியது. அவளுக்கு வேண்டிய மற்றதைக் கொடுக்க நாம் இருக்கிறோம்.